செடிக்கு ஊற்றும் பெராக்சைடு: எதற்கு, எவ்வளவு, எங்கே வைப்பது?

(நமது சங்கத்தின் செப்டம்பர் 2024 மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வரப்போகிறது, மாடியில் செடி வைத்திருப்பவர்களுக்குப் பயன்படுகிற மாதிரி கொஞ்ச நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். நான் விவசாயம் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் குமாஸ்தாவாகக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்தது கூட்டல் கழித்தல்தான். அதனால் இன்றைக்குச் சொல்லப்போவதையும் கணக்காகவே சொல்கிறேன். கடைசியில் ஒருவரிடம் மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கிறது. அதையும் இந்தச் சபையிலேயே கேட்டுவிடுகிறேன்.

நம் மாடித்தோட்ட வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அடிக்கடி வருகிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "செடி வாடுகிறதா? வேர் அழுகுகிறதா? ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூடி ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து ஊற்றுங்கள். வேருக்கு ஆக்சிஜன் கிடைக்கும், பூஞ்சை சாகும், செடி பிழைத்துவிடும்." போன டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த வாரத்தில் இந்தச் செய்தி எனக்கு மூன்று பேரிடமிருந்து வந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தெருவில் தண்ணீர் நின்ற நேரம். நம் மாடியில் வெள்ளம் வரவில்லை, ஆனால் செடிப் பைகளுக்குள் வெள்ளம்தான். நானும் அந்தச் செய்தியை நம்பி ஊற்றினேன். என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் இந்தப் பொருள் என்ன என்று பார்ப்போம்.

தண்ணீரில் இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். பெராக்சைடில் இரண்டு ஹைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன். கூடுதலாக இருக்கிற அந்த ஒரு ஆக்சிஜன் அங்கே நிலையாக உட்காராது. சந்தர்ப்பம் கிடைத்தால் கழன்று ஓடிவிடும். ஓடிய பிறகு மிச்சம் இருப்பது வெறும் தண்ணீர். 1818-இல் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் தெனார் இதைக் கண்டுபிடித்தபோது இதற்கு வைத்த பெயரே 'ஆக்சிஜன் ஏற்றிய தண்ணீர்' என்ற பொருளில்தான். மிச்சம் எதுவும் தங்காது, விஷம் மண்ணில் சேராது என்பது இதன் நல்ல குணம். அமெரிக்காவின் இயற்கை வேளாண்மை விதிகளில்கூட, கிருமி நீக்கவும் பயிர் நோயைக் கட்டுப்படுத்தவும் இதைப் பயன்படுத்த அனுமதி உண்டு. ஆகவே இது மோசமான பொருள் என்று சொல்ல நான் வரவில்லை.

நம் ஊரிலும் இது புதிது இல்லை. அடிபட்ட காயத்தில் கம்பவுண்டர் ஊற்றினால் நுரைத்துக்கொண்டு வருமே, அது இதுதான். திருப்பூரில் பனியன் துணியை வெளுக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கடையில் வாங்கும் பழச்சாறு, பால் அட்டைப்பெட்டிகளை நிரப்புவதற்கு முன் கிருமி நீக்கவும் இது உதவுகிறது. ஒரே பொருள்தான். ஆனால் காயத்துக்கு ஊற்றுவதற்கும் துணி வெளுப்பதற்கும் இடையில் சதவீதம் வேறு. முதல் கணக்கு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் எழுதுகிற குறிப்புகளில் பெரும்பாலும் 3 சதவீத பெராக்சைடைத்தான் சொல்வார்கள். அங்கே மருந்துக் கடையில் அதுதான் கிடைக்கும். நம் மெடிக்கல் ஷாப்பில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம். லேபிளில் '20 வால்யூம்' என்றும் போட்டிருக்கும். ஒரு மில்லி திரவம் முழுக்கச் சிதைந்தால் 20 மில்லி ஆக்சிஜன் வாயு வரும் என்று அதற்கு அர்த்தம். 3 சதவீதம் என்றால் 10 வால்யூம். ஆக, அந்த ஊர்க் குறிப்பை அப்படியே இங்கே செய்தாலே அளவு இரண்டு மடங்காகிவிடும். கெமிக்கல் கடையில் கேனில் வாங்கினால் அது 35 அல்லது 50 சதவீதம். 50 என்பது 6-ஐப் போல எட்டு மடங்குக்கு மேல், 3-ஐப் போல சுமார் பதினேழு மடங்கு.

"இரண்டு மூடி" என்கிறது செய்தி. எந்தப் பாட்டிலின் மூடி? எத்தனை சதவீதம்? இரண்டும் அதில் இல்லை. வட்டி விகிதம் எழுதாமல் கடன் பத்திரம் கொண்டுவந்து நீட்டினால் நீங்கள் கையெழுத்துப் போடுவீர்களா? நான் போட்டேன். வீட்டில் பேரனின் இருமல் மருந்து அளவுக் குப்பியை வைத்துப் பிறகு அளந்து பார்த்தேன். மருந்துக்கடைப் பாட்டில் மூடி 5 மில்லி. நான் வாங்கிய ஐந்து லிட்டர் கேனின் மூடி 20 மில்லி. மூடியில் நான்கு மடங்கு, சதவீதத்தில் எட்டு மடங்கு. பெருக்கிப் பாருங்கள், முப்பத்திரண்டு மடங்கு. செய்தியை எழுதியவர் மனதில் என்ன வைத்திருந்தாரோ, நான் செடிக்கு ஊற்றியது அதைப்போல முப்பது மடங்குக்கு மேல்.

இப்போது இரண்டாவது கணக்கு. சரியான அளவில் ஊற்றினால் வேருக்கு எவ்வளவு ஆக்சிஜன் கிடைக்கிறது?

6 சதவீதம் உள்ளதை 5 மில்லி எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு 20 வீதம், மொத்தம் 100 மில்லி ஆக்சிஜன். அதிலும் பெரும்பகுதி குமிழியாக மேலே போய்விடும். ஏனென்றால் நம் ஊர் வெப்பத்தில், காற்றுப் படுகிற ஒரு லிட்டர் தண்ணீர் ஏழு, எட்டு மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்துப் பிடித்து வைத்திருக்கும். 100 மில்லி ஆக்சிஜனின் எடை 130 மில்லிகிராம். பாத்திரம் சின்னது, ஊற்றியது அதிகம்.

சரி, ஒன்றுகூட வீணாகாமல் 100 மில்லியும் வேருக்கே போய்ச் சேர்ந்தது என்றே வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு லிட்டர் செடிப் பை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் நன்றாக வடிந்த பையில் ஐந்தில் ஒரு பங்கு காற்று இடைவெளி இருந்தால் சுமார் 2.4 லிட்டர் காற்று. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். ஆக, ஏறக்குறைய அரை லிட்டர் ஆக்சிஜன் அந்தப் பைக்குள் சும்மாவே இருக்கிறது. வேர் எடுக்க எடுக்க வெளிக்காற்று உள்ளே வந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். காசு கிடையாது. பெராக்சைடு என்பது ஒரு தடவை கையில் கொடுக்கிற நூறு ரூபாய். வடிகால் என்பது மாதாமாதம் வருகிற பென்ஷன். நம்மில் பாதிப் பேர் பென்ஷன்காரர்கள், எது வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மழையில் செடி ஏன் சாகிறது என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. பையில் தண்ணீர் தேங்கினால் அந்தக் காற்று இடைவெளி எல்லாம் தண்ணீரால் அடைபடுகிறது. காற்றில் ஆக்சிஜன் பரவுவதைவிடத் தண்ணீருக்குள் அது பரவுவது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவு. வேருக்கு மூச்சு முட்டுகிறது. மூச்சு முட்டிய வேரை, ஈரத்தில் வளரும் பித்தியம் போன்ற அழுகல் நோய்க் கிருமிகள் பிடித்துக்கொள்கின்றன. அதனால்தான் தண்ணீர் நிறைய இருந்தும் செடி வாடுகிறது. நாம் மேலே வாடின இலையைப் பார்த்துவிட்டு இன்னும் ஒரு சொம்பு ஊற்றுகிறோம்.

நம்மில் பலர் பைகளைத் தேங்காய் நார்க்கழிவு போட்டுத்தான் நிரப்பியிருக்கிறோம். 2013-14-இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் திட்டத்தைத் தொடங்கி மானியத்தில் தொகுப்புப் பைகள் கொடுத்த பிறகுதான் இது வீட்டுக்கு வீடு பரவியது. மாடிக்குப் பாரம் குறைவு, கோடையில் ஈரம் காக்கும், நல்ல பொருள்தான். ஆனால் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். மே மாதம் அது வரம், நவம்பர் மாதம் அதுவே சாபம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை பதிவானது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படிப்பட்ட ஊரில் இருக்கிறோம் என்பதை மனதில் வைத்துத்தான் பையை நிரப்ப வேண்டும்.

மூன்றாவது கணக்கு, ஒரு சின்னச் சோதனை. கூட்டத்தில் செய்து காட்டினேன். வராதவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். மருந்துக்கடை பெராக்சைடு போதும். மூன்று கண்ணாடி டம்ளர். ஒன்றில், நன்றாகக் கழுவிக் கொதிக்க வைத்து ஆறவைத்த மணல். இரண்டாவதில் மண்புழு உரம் ஒரு ஸ்பூன். மூன்றாவதில் பச்சை உருளைக்கிழங்கு ஒரு துண்டு. மூன்றிலும் பெராக்சைடை ஒரு ஸ்பூன் ஊற்றுங்கள். மணலில் பெரிதாக ஒன்றும் நடக்காது. உரமும் உருளைக்கிழங்கும் நுரைத்துப் பொங்கும்.

காரணம், உயிருள்ளவற்றில் பெரும்பாலானவற்றில் பெராக்சைடைச் சிதைக்கிற 'கேட்டலேஸ்' என்ற நொதி இருக்கிறது. புகையிலை இலையை ஆராய்ந்த ஆஸ்கர் லோவ் என்பவர் 1900-இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். செடி தன் உடம்புக்குள்ளேயே பெராக்சைடு தயாரிக்கிறது, நோய்க்கிருமி தாக்கும்போது அதை வைத்தே எதிர்க்கவும் செய்கிறது. அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளத்தான் கேட்டலேஸ். மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களிடமும் அது உண்டு.

இந்த நுரையிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, உரம் நிறைந்த பையில் நீங்கள் மேலே ஊற்றிய பெராக்சைடில் பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று அங்குலத்திலேயே நுரைத்துத் தீர்ந்துவிடும். அழுகிக்கொண்டிருக்கும் வேர் அடியில் இருக்கிறது. அங்கே போய்ச் சேருவது சொற்பம். இரண்டு, அது போகிற வழியில் இருக்கும் உயிர்களைப் பதம் பார்த்துவிட்டுத்தான் போகிறது. நல்லது கெட்டது என்று அதற்குத் தெரியாது.

இங்கேதான் நம்மில் பலர் செய்கிற தவறு. தோட்டக்கலைத் துறையின் தொகுப்பில் டிரைக்கோடெர்மா விரிடி, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று பொட்டலங்கள் வருகின்றன. அவை உரம் மட்டுமில்லை, உயிர். டிரைக்கோடெர்மா என்பது வேரழுகல் கிருமியை எதிர்க்கிற நல்ல பூஞ்சை. வேளாண் பல்கலைக்கழகம் ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் விதை நேர்த்தி செய்யச் சொல்வதும் இதைத்தான். ஞாயிற்றுக்கிழமை அதை மண்ணில் கலந்துவிட்டு, புதன்கிழமை பெராக்சைடு ஊற்றினால் என்ன அர்த்தம்? காவலுக்கு ஆளை வைத்துவிட்டு நாமே அவரை அடித்து விரட்டுகிற கதைதான். நானும் போன வருடம் அதைத்தான் செய்தேன். பஞ்சகவ்யம் ஊற்றுகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

அப்படியானால் தோட்டத்தில் இதற்கு வேலையே இல்லையா? இருக்கிறது. உயிர் வேண்டாம் என்று நினைக்கிற இடத்தில் இது நல்ல வேலைக்காரன்.

நோய் வந்து செத்த செடியின் தொட்டியை மறுபடி பயன்படுத்துமுன் மண்ணைக் கொட்டிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, மருந்துக்கடை பெராக்சைடைப் பாதிக்குப் பாதி தண்ணீரில் கலந்து துடைத்துப் பத்து நிமிடம் விட்டுக் கழுவலாம். நாற்று விடும் குழித்தட்டுகளுக்கும் அப்படியே. ஒரு செடியில் வெட்டிய கத்திரிக்கோலை அடுத்த செடிக்குக் கொண்டுபோகுமுன் துடைக்கலாம், பிறகு தண்ணீரில் அலசித் துடைத்து வையுங்கள், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். பூஞ்சாணம் ஒட்டிய பழைய விதையை அதே பாதிக்குப் பாதி கரைசலில் ஐந்து நிமிடம் வைத்து, நன்றாகக் கழுவி விதைக்கலாம். மண்ணில்லாமல் தண்ணீரிலேயே கீரை வளர்ப்பவர்கள் குழாயையும் தொட்டியையும் சுத்தம் செய்யப் பயன்படுத்துகிறார்கள். இதிலெல்லாம் அர்த்தம் இருக்கிறது.

தண்ணீர் தேங்கி வாடின செடிக்குக் கட்டாயம் ஊற்றித்தான் தீருவேன் என்றால், 6 சதவீதம் உள்ளதை ஒரு லிட்டருக்கு 5 மில்லி, ஒரே ஒரு தடவை. அதுவும் முதலில் வடிகால் துளையைச் சரி செய்துவிட்டு. தேங்கின தண்ணீர் அப்படியே நிற்கும்போது மேலே இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவது, எதைக் கலந்து ஊற்றினாலும், தண்ணீர் ஊற்றுவதுதான்.

இனி நான் செய்த காரியம்.

போன டிசம்பர், புயல் மழை விட்ட பிறகு மாடிக்குப் போனேன். என் தக்காளிப் பைகள் பன்னிரண்டும் தொப்பென்று ஊறிக் கிடந்தன. வாட்ஸ்அப் செய்தி கையில். மெடிக்கல் ஷாப்பில் சின்னப் பாட்டில்தான் இருந்தது, எனக்கு அது போதாது என்று தோன்றியது. கெமிக்கல் விற்கும் ஒரு கடையில் போய் ஐந்து லிட்டர் கேன் வாங்கி வந்தேன். 50 சதவீதம். லேபிளைப் படித்தேன். படித்தும் மண்டையில் ஏறவில்லை. வங்கியில் இருந்தபோது ஒரு பைசா வித்தியாசத்துக்கு இரவு எட்டு மணி வரை உட்கார்ந்தவன், செடி விஷயத்தில் சதவீதத்தைக் கவனிக்கவில்லை.

கேனை மேலே தூக்க முடியாமல், காலியான ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி எடுத்துப் போனேன். லிட்டருக்கு இரண்டு மூடி. கலக்கும்போது விரலில் பட்டது. இரண்டு நிமிடத்தில் விரல் நுனியெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்து, ஊசி குத்துவதுபோல எரிந்தது. எட்டுப் பைக்கு ஊற்றி முடித்திருந்தேன். மேலே வந்த என் மனைவி கையைப் பார்த்துவிட்டு, "என்னங்க இது, செடிக்கு வைத்தியமா உங்களுக்கு வைத்தியமா?" என்று திட்டி நிறுத்தினாள். மீதி நான்கு பைகளுக்கு அவள் ஒரு பழைய திருப்புளியைச் சூடு செய்து பக்கவாட்டில் துளை போட்டு, செங்கல் மேல் தூக்கி வைத்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது.

பெராக்சைடு ஊற்றிய எட்டில் ஐந்து செத்தன. துளை மட்டும் போட்ட நான்கில் ஒன்று செத்தது. இது ஆராய்ச்சி இல்லை, என் வீட்டுக் கணக்கு. ஆனால் இன்றைக்கு என் எல்லாப் பைகளிலும் பக்கவாட்டில் துளை இருக்கிறது.

செடி போனது பெரிய விஷயம் இல்லை. மிச்சம் இருந்த பாட்டிலை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், குழாய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். வைத்ததை மறந்தும் போனேன். லேபிள் எதுவும் ஒட்டவில்லை. பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும், வாசனையும் பெரிதாக இருக்காது.

மே மாதம், அக்கினி நட்சத்திர வெயில். நம் பிளாக்கைப் பெருக்கித் துடைக்கும் அம்மா மாடியைக் கூட்டிவிட்டுத் தாகத்துக்கு அந்தப் பாட்டிலை எடுத்திருக்கிறார். மூடியைத் திருகியதும் உஸ்ஸென்று சத்தத்தோடு பொங்கி, கையிலும் முழங்கை வரையிலும் கொட்டிவிட்டது. வெயிலில் மாதக்கணக்கில் கிடந்து உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பியிருந்திருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில்தான் ஓடினேன். கை வெளுத்துப் போயிருந்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கால் மணி நேரம் கையைக் கழுவ வைத்து, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். தோல் பொசுங்கியிருந்தது. ஆற இரண்டு வாரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோது அவர் என்னிடம் சொன்னது, "தண்ணி பாட்டில்னு நெனச்சேன் சார், மன்னிச்சிடுங்க, உங்க மருந்தக் கொட்டிட்டேன்." என் பாட்டில், என் தவறு, மன்னிப்புக் கேட்டது அவர்.

பாட்டில் பொங்காமல் இருந்திருந்தால் அவர் குடித்திருப்பார். இந்த அடர்த்தியில் ஒரு மடக்கு உள்ளே போனால் தொண்டையும் வயிறும் வெந்துபோகும். அதோடு நிற்காது. வயிற்றுக்குள் பெருமளவு வாயு கிளம்பி, குமிழிகள் ரத்தக் குழாய்க்குள் புகுந்து, மூளைக்கோ இதயத்துக்கோ போய் உயிரே போகலாம். ஐரோப்பிய நாடுகளில் 12 சதவீதத்துக்கு மேல் உள்ளதைப் பொதுமக்களுக்கு விற்கவே கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நான் 50 சதவீதத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, தண்ணீர்க் குழாய் பக்கத்தில் வைத்தேன்.

வைத்தியச் செலவும் வேலைக்கு வராத நாட்களின் சம்பளமும் நான் கொடுத்தேன், அது கடமை. ஆனால் அன்றைக்கு நம் பிளாக்கில் பலருக்கு, "யாரோ ஆசிட் பாட்டிலை வைத்துவிட்டார்களாம்" என்றுதான் தெரியும். அந்த யாரோ நான்தான். நான்கு மாதம் வாயைத் திறக்காமல் இருந்தேன். இந்தக் கூட்டத்துக்கு அவரை வரச்சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் கேட்டேன், இந்த இதழிலும் எழுத்தில் கேட்கிறேன்: அம்மா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

இனி நம் எல்லோருக்கும் சில வேண்டுகோள்கள்.

1. 35 சதவீதம், 50 சதவீதம் கேன்களை யாரும் வீட்டுக்கு வாங்கவேண்டாம். இப்போது வைத்திருப்பவர்கள் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள். என் கேனை அப்படித்தான் கொடுத்தேன். அது காய்ந்த சருகு, நார்க்கழிவு, துணி, காகிதத்தில் கொட்டினால் தீப்பிடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. மாடியில் அதெல்லாம்தான் இருக்கிறது.

2. மருந்துக்கடைப் பாட்டிலானாலும் அதன் சொந்தப் பாட்டிலிலேயே, லேபிளோடு, நிழலில், பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவேண்டும். தண்ணீர் பாட்டில், கூல்டிரிங்ஸ் பாட்டிலில் எந்த ரசாயனத்தையும், பினாயிலைக்கூட, ஊற்றி வைக்காதீர்கள்.

3. வினிகருடனோ பிளீச்சிங் பவுடருடனோ இதைக் கலக்கவேண்டாம். கலக்கும்போது கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு டாக்டரிடம் போகவேண்டும். யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உடனே 108.

4. ஐப்பசி பிறப்பதற்குள் பைகளைப் பாருங்கள். அடியிலிருந்து ஒரு அங்குல உயரத்தில் பக்கவாட்டில் நான்கு துளை. செங்கல் அல்லது ஸ்டாண்டு மேல் வையுங்கள், மாடித் தளத்தில் ஈரம் இறங்குகிறது என்று மேல்தளத்துக்காரர்கள் சொல்லும் புகாருக்கும் அது தீர்வு. புதிதாக நிரப்புபவர்கள் நார்க்கழிவைக் குறைத்து, செம்மண்ணும் தொழு உரமும் கொஞ்சம் மணலும் சேருங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் பைகளைச் சுவர் ஓரமாக, மழை நேராகக் கொட்டாத இடத்துக்கு நகர்த்துங்கள். மழை விட்டதும் வெயில் வரும்வரை தண்ணீர் ஊற்றாதீர்கள்.

5. சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப்பில் கேட்பதற்குப் பதிலாகக் காட்டாங்கொளத்தூர் அருகே இருக்கும் கட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். நமக்கு ரயிலில் அரை மணி நேரம். படித்தவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

ஆறாவது, செயலாளரிடம் நான் எழுத்தில் கொடுத்திருக்கும் கோரிக்கை. அந்த அம்மா ஏன் அந்தப் பாட்டிலை எடுத்தார்? மாடியில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லை. நான்கு மாடி இறங்கி, யார் வீட்டுக் கதவையாவது தட்டிக் கேட்கவேண்டும். நாம் செடிக்கு ஆக்சிஜன் போதுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம். நம் வீட்டை, படியை, மாடியைச் சுத்தம் செய்கிறவருக்குத் தண்ணீர் கிடைக்கிறதா என்று பார்க்கவில்லை. மாடிப்படி ஓரத்திலும் கீழே வாட்ச்மேன் அறையிலும் சங்கச் செலவில் ஒரு குடிநீர் கேனும் இரண்டு டம்ளரும் வைக்கவேண்டும். முதல் மூன்று மாதச் செலவை நான் ஏற்கிறேன். கூட்டத்தில் கை தூக்கி ஆதரித்தவர்களுக்கு நன்றி. இதைப் படிக்கிற மற்றவர்களும் ஒப்புக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் மாடியில், பால்கனியில், சிங்க் அடியில் லேபிள் இல்லாத பாட்டில் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். செடியை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.